பிரெக்சிட் வழக்குகள்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஐக்கிய இராச்சியம் விலகியதை ஒட்டி, 2016 முதல் 2019 வரை அந்நாட்டு நீதிமன்றங்களில் நடந்த அரசியலமைப்பு வழக்குகளும் அவற்றைச் சுற்றி எழுந்த பொதுவிவாதமும் இப்பெயரால் சுட்டப்படுகின்றன. முதன்மையானவை இரண்டு. இரண்டிலும் ஜினா மில்லர் மனுதாரராக இருந்ததால் முதல் மில்லர் வழக்கு, இரண்டாம் மில்லர் வழக்கு என்று குறிப்பிடுவர். விலகுவதா வேண்டாமா என்பதை எந்த நீதிபதியும் தீர்மானிக்கவில்லை. எந்த அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கிறது, எது நாடாளுமன்றத்திடம் இருக்கிறது என்பதே வழக்கு. இவ்விரு கேள்விகளையும் பத்திரிகைகளும் கட்சி மேடைகளும் ஒன்றாக்கிக் குழப்பியதால்தான் பாதிப் புயல் கிளம்பியது.

பிரிட்டனின் அரசியலமைப்பு ஒரே ஆவணத்தில் எழுதப்பட்டதன்று. சட்டங்கள், தீர்ப்புகள், மரபுகள் எனப் பல இடங்களில் சிதறிக் கிடப்பது. அரசர் தம் ஆணையால் மட்டும் நாட்டின் சட்டத்தை மாற்ற முடியாது என்று 1610-இல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் தீர்ப்பளித்தார். 1689-இன் உரிமைச் சட்டம் அதை உறுதி செய்தது. ஆனால் வெளிநாடுகளுடன் ஒப்பந்தம் செய்யவும் முறிக்கவும் முடியரசுக்கு இருந்த தனியதிகாரம் அப்படியே நீடித்தது. இன்று அரசரின் பெயரால் அதைச் செலுத்துபவர்கள் அமைச்சர்கள். ஒப்பந்தம் வெளிநாட்டு விவகாரம், சட்டம் உள்நாட்டு விவகாரம் என்று இரண்டும் தனித்தனியே இருந்தவரை சிக்கல் எழவில்லை. ஐரோப்பா அந்த எல்லைக்கோட்டை அழித்தது.

1973 ஜனவரி 1 அன்று ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்தது. அதற்கு வழி செய்த 1972-ஆம் ஆண்டு ஐரோப்பியச் சமூகங்கள் சட்டம், ஐரோப்பியச் சட்டத்தை பிரிட்டனுக்குள் நேரடியாகச் செல்லுபடியாக்கியது. அதன் முழு வீச்சு 1990-இல் தெரிந்தது. ஸ்பானிய மீன்பிடிக் கப்பல் உரிமையாளர்கள் தொடுத்த ஃபாக்டர்டேம் வழக்கில், நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் பிரிவுகளுக்கே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் இடைக்காலத் தடை விதித்தார்கள். ஒன்றியத்தை எதிர்த்தவர்களின் மனத்தில் இது ஆறாத புண்ணாக நின்றது.

தொடக்க காலத்தில் நீதிமன்றப் படியேறியவர்கள் ஐரோப்பாவை எதிர்த்தவர்களே. சேர்வதைத் தடுக்கக் கோரி ரேமண்ட் பிளாக்பர்ன் தொடுத்த வழக்கு 1971-இல் தோற்றது. ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை எதிர்த்து, 'தி டைம்ஸ்' நாளிதழின் முன்னாள் ஆசிரியர் வில்லியம் ரீஸ்-மாக் 1993-இல் தொடுத்ததும் தோற்றது. அரசின் ஒப்பந்த அதிகாரத்துக்கு நீதிமன்றம் கடிவாளம் போட வேண்டும் என்று அன்று கேட்டவரின் மகன் ஜேக்கப் ரீஸ்-மாக், 2019-இல் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கும் ஆணைக்கு அரசியின் ஒப்புதல் பெற பால்மோரல் அரண்மனைக்குச் சென்ற அமைச்சர். நீதிமன்றத்தின் வரம்பு பற்றிய கருத்து அவரவர் நிற்கும் கரையைப் பொறுத்தே அமைந்திருந்தது என்பதற்கு இந்த ஒரு குடும்பமே சான்று.

2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலகலுக்கும் 48.1 விழுக்காட்டினர் நீடிப்புக்கும் வாக்களித்தனர். வாக்கெடுப்பு நடத்த வழிசெய்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம், முடிவு வந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி வாய் திறக்கவில்லை. தேர்தல் முறையை மாற்றுவது குறித்து 2011-இல் நடந்த வாக்கெடுப்பின் சட்டத்திலோ, முடிவை நடைமுறைப்படுத்த வேண்டிய கடமை அமைச்சர்மீது சுமத்தப்பட்டிருந்தது. கவனக்குறைவு என்று சொல்லிவிடக்கூடிய இந்த மௌனத்திலிருந்துதான் முதல் வழக்கு பிறந்தது.

லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழி வந்த 50-ஆவது உறுப்பின்படி, விலக விரும்பும் நாடு அறிவிப்புக் கடிதம் கொடுத்தால் ஈராண்டுக் கெடு ஓடத் தொடங்கும். அந்தக் கடிதத்தைத் தனியதிகாரத்தால் தாமே கொடுக்கலாம் என்றார் பிரதமர் தெரசா மே. மில்லர் எதிர்த்தார். 1965-இல் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த முதலீட்டு நிறுவன உரிமையாளர் அவர். தந்தை தூத்நாத் சிங் பிற்காலத்தில் கயானாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தார். 1972 சட்டத்தின் மூலம் நாடாளுமன்றம் மக்களுக்குக் கொடுத்த உரிமைகளை அமைச்சரின் ஒரு கடிதம் பறிக்க முடியாது என்பது மில்லர் தரப்பு வாதம். 2016 நவம்பர் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதை ஏற்றனர்.

மறுநாள் 'டெய்லி மெயில்' அம்மூவரின் படங்களையும் முதல் பக்கத்தில் போட்டு, மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது. நீதித்துறையைக் காக்கும் சட்டக் கடமையுள்ள அமைச்சர் லிஸ் டிரஸ், தாமதமாகவும் பட்டும்படாமலும் ஓர் அறிக்கை விட்டார். அவர் நடந்துகொண்டது முற்றிலும் தவறு என்று தலைமை நீதிபதி தாமஸ் பிரபு பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் வெளிப்படையாகவே சொன்னார். தம் பணிக்காலத்தில் முதல்முறையாகக் காவல்துறையின் பாதுகாப்பை நாட வேண்டியிருந்ததையும் குறிப்பிட்டார். மில்லருக்கு வந்த மிரட்டல்கள் இதைவிடக் கொடியவை. அவர்மீது காரை ஏற்றுபவருக்கு 5,000 பவுண்டு தருவதாக முகநூலில் எழுதிய பரம்பரைப் பிரபு ஒருவர் 12 வாரச் சிறைத்தண்டனை பெற்றார். நாடாளுமன்றத்தின் இறையாண்மையை மீட்போம் என்று முழங்கிய அதே தரப்பு, நாடாளுமன்றத்தைக் கேட்டுச் செய்யுங்கள் என்று சொன்ன நீதிபதிகள்மீது பாய்ந்தது இந்த வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் சேர்ந்து விசாரித்தனர். அந்நீதிமன்றம் 2009-இல் தொடங்கப்பட்டது முதல் இதுவே முதல்முறை. 2017 ஜனவரி 24 அன்று 8-க்கு 3 என்ற பெரும்பான்மையில் மில்லர் வென்றார். மாறுபட்டவர்களில் ஒருவரான ரீட் பிரபுவின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று: 1972 சட்டம் தானாக எந்த உரிமையையும் படைக்கவில்லை. ஒப்பந்தங்கள் உள்ளவரை அவற்றிலிருந்து வருவதை நாட்டுக்குள் கடத்திவந்தது, அவ்வளவே. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மன்றங்களின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை என்பதில் மட்டும் பதினொருவரும் ஒத்துப்போயினர். ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் அது கசப்பை விதைத்தது.

தோற்ற அரசுக்கு நட்டம் பெரிதில்லை. சில வாரங்களில் ஒரு குறுஞ்சட்டம் நிறைவேறி, மார்ச் 29 அன்று கடிதம் பிரசல்ஸ் சென்றது. கொடுத்த அறிவிப்பைத் திரும்பப் பெற முடியாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டே இந்த வழக்கை நடத்தியிருந்தன. 2018 டிசம்பரில், ஸ்காட்லாந்து நீதிமன்றம் அனுப்பிய வைட்மன் வழக்கில், அறிவிப்பைத் தன்னிச்சையாகத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறிவிட்டது. முதல் மில்லர் தீர்ப்பின் அடித்தளக் கற்களில் ஒன்று இப்படிச் சத்தமில்லாமல் உருவப்பட்டது.

2019-இல் மோதல் நாடாளுமன்றத்துக்குள் நகர்ந்தது. மேயின் விலகல் உடன்பாடு ஜனவரி 15 அன்று 432-க்கு 202 என்று தோற்றது. அண்மை வரலாற்றில் எந்த அரசும் இவ்வளவு பெரிய தோல்வியைக் கண்டதில்லை. மேலும் இருமுறை அது தோற்றது. ஜூலையில் பிரதமரான போரிஸ் ஜான்சன், நீட்டிக்கப்பட்ட விலகல் கெடுவான அக்டோபர் 31 நெருங்கிய நேரத்தில், செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் 14 வரை சுமார் ஐந்து வாரம் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கும்படி அரசிக்கு அறிவுரை வழங்கினார். புதிய கூட்டத்தொடரின் அரசி உரைக்கு ஆயத்தம் செய்வதற்காக என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கு வழக்கமாகச் சில நாட்களே போதும்.

இதை எதிர்த்து மில்லர் மீண்டும் தொடுத்த வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம், இது அரசியல், எங்கள் வேலையன்று என்றது. ஜோன்னா செர்ரி முதலான நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில் எடின்பரோவின் மேல்முறையீட்டு அமர்வு சட்டவிரோதம் என்றது. இரண்டின் மேல்முறையீட்டிலும் செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத் தலைவர் ஹேல் சீமாட்டி தீர்ப்பை வாசித்தார்: 11 பேரும் ஒருமனதாக. நாடாளுமன்றம் தன் கடமையைச் செய்வதைத் தக்க காரணமின்றித் தடுக்கும் அறிவுரை சட்டவிரோதம், எனவே கூட்டத்தொடர் முடியவேயில்லை. மறுநாள் உறுப்பினர்கள் திரும்பிவந்து அமர்ந்தனர். பிரதமரின் உள்நோக்கம் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. விளைவை மட்டுமே பார்த்தது. அதுவே அதன் வலிமை என்பர் சிலர். அரசியல் தகராறில் நீதிமன்றம் புது விதி ஒன்றை அப்போதுதான் உண்டாக்கியது என்று மரியாதைக்குரிய சட்ட அறிஞர்கள் சிலர் சொல்லும் குறையையும் தள்ளிவிட முடியாது.

டிசம்பர் தேர்தலில் ஜான்சன் 365 இடங்கள் வென்றார். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு நாடு ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அரசு, நாடாளுமன்றம், நீதிமன்றம் ஆகியவற்றின் உறவை ஆராய்வதாக வாக்களித்திருந்த அரசு, ஃபாக்ஸ் பிரபு தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. 2021-இல் வந்த அதன் அறிக்கை, சிலர் எதிர்பார்த்த அளவுக்கு நீதிமன்றங்களின் சிறகை வெட்டச் சொல்லவில்லை. 2022-இல் இயற்றப்பட்ட நாடாளுமன்றக் கலைப்புச் சட்டம், அவையைக் கலைக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிவைத்தது. கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரத்துக்கு அந்தத் தடை நீளவில்லை. இரண்டாம் மில்லர் தீர்ப்பு அப்பொருளில் நடைமுறைச் சட்டமாகவே நீடிக்கிறது.