பம்பரு எவித்: கற்பிட்டிப் படமும் எஞ்சிய ஒரு பிரதியும்

பம்பரு எவித், தர்மசேன பத்திராஜ இயக்கி 1978இல் வெளிவந்த சிங்களத் திரைப்படம். கதைக்களம் கற்பிட்டி, புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டுகிடக்கும் குடாநாட்டின் மீனவக் கரை. அன்ரன் ஐயாவின் பிடியிலிருந்த மீன் வியாபாரத்தில் கைவைக்க, நகரத்திலிருந்து விக்டர் தன் கூட்டாளிகளோடு வந்திறங்குகிறான். ஹெலன் என்ற மீனவப் பெண் மீது அவனுக்கு ஏற்படும் நாட்டம் பகையை முற்ற வைக்கிறது. விஜய குமாரதுங்க, மாலினி பொன்சேகா, ஜோ அபேவிக்ரம ஆகியோர் நடித்தனர். இசை பிரேமசிறி கேமதாச. கடலும் காதலும் இருந்தாலும் இது காதற்படமல்ல. வெளியிலிருந்து பணம் வந்து இறங்கும்போது ஒரு கரை என்ன ஆகிறது என்பதுதான் பத்திராஜவின் அக்கறை. கற்பிட்டியில் சுற்றுலா விடுதிகள் பெருகிய பின் பார்ப்பவருக்கு அது இன்னும் உறைக்கும்.

பத்திராஜவை (1943–2018) தமிழ் வாசகர் வேறொரு வழியாகவும் அறிவர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், காவலூர் இராஜதுரையின் திரைக்கதையில் பொன்மணி (1977) என்ற தமிழ்ப் படத்தை எடுத்தவர் அவர்.

பம்பரு எவித்தின் பிற்கால வரலாறு, ஏறத்தாழ, இலங்கைச் சினிமா முழுவதன் வரலாறுதான். படச்சுருள் காலத்தில் கமெராவில் ஓடியது நெகட்டிவ். அதிலிருந்து தியேட்டர்களுக்கு எடுத்தவை பொசிட்டிவ் பிரதிகள். நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் எத்தனை பிரதி தேய்ந்தாலும் கவலையில்லை. அது போனால், ஊர் ஊராக ஓடிக் கீறல் விழுந்த பிரதியே மூலமாகிவிடும்.

நெகட்டிவ்கள் போன வழிகள் பல. இலங்கையில் எடுத்த முதல் கதைப்படமாகக் கருதப்படும் ராஜகீய விக்ரமய (1925), உள்ளூரில் திரையிடப்படுமுன்பே எரிந்துபோனது. பின்னாளில் இடதுசாரித் தலைவரான என். எம். பெரேரா அதில் கதாநாயகன். 1983 யூலை வன்செயலில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ ஹெந்தளையில் தீயிடப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் அதோடு சாம்பலாயின. தமிழருக்குச் சொந்தமான ஸ்டூடியோ என்று மூட்டிய தீயில் அழிந்தவற்றுள் சிங்களப் படங்களும் உண்டு.

தீ இல்லாமலும் படம் சாகும். அசற்றேற் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் அசற்றிக் அமிலம் வெளிவரும். தகரப் பெட்டியைத் திறந்ததும் வினாகிரி நெடி மூக்கில் ஏறும். சுருள் சுருங்கி, நெளிந்து, புரொஜெக்டரில் ஓடாத நிலைக்கு வரும். ஒருமுறை தொடங்கிய சிதைவை நிறுத்த முடியாது. குளிரிலும் உலர்ந்த காற்றிலும் வைத்துத் தாமதிக்கலாம், அவ்வளவே. ஆண்டு முழுவதும் புழுங்கும் தீவில் குளிரூட்டாத களஞ்சிய அறை எதற்கும் உதவாது.

பம்பரு எவித்துக்கு எஞ்சியதாக அறியப்பட்டது ஒரேயொரு 35 மி.மீ. பொசிட்டிவ் பிரதி. சிங்கப்பூரின் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக்கொண்டு, இத்தாலியின் பொலோஞ்ஞா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரொவாத்தா கூடத்தில் 4கே தரத்தில் படத்தை மீட்டெடுத்தது. 2020 கான் விழாவின் செவ்வியல் பிரிவுக்குப் படம் தெரிவானது. பெருந்தொற்றால் அவ்வாண்டு விழா வழக்கம்போல் நடக்கவில்லை.

இத்தகைய மீட்பில் கணினிக்கு முன் கைவேலை வரும். பிய்ந்த துளைகளை ஒட்டி, பழைய ஒட்டுகளைச் சரிபார்த்து, எண்ணெயும் தூசும் போகக் கழுவிய பிறகே சுருள் ஸ்கேனருக்குப் போகும். வினாடிக்கு 24 சட்டம் (பிரேம்). இரண்டு மணி நேரப் படமென்றால் 1,72,800 சட்டங்கள். கீறலை அழிக்கலாம், ஆடும் படத்தை நிறுத்தலாம். ஒப்பரேற்றர் வெட்டி ஒட்டியதில் தொலைந்த சட்டங்களுக்கு, இன்னொரு பிரதி கிடைக்காதவரை, வழியில்லை.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் நிதானய (1972) மீட்கப்பட்டு 2013இல் வெனிஸில் திரையிடப்பட்டது. சுமித்ரா பீரிஸின் கெஹெனு லமய் (1978) 2025இல் கான் சென்றது. இந்த வரிசையில் அடுத்து நிற்க வேண்டியவை தோட்டக்காரி (1963), குத்துவிளக்கு (1972), வாடைக்காற்று (1978) போன்ற ஈழத்துத் தமிழ்ப் படங்கள். அவற்றின் மொத்த எண்ணிக்கையே சொற்பம்.

ஸ்கேன் செய்து முடிந்ததும் பழைய சுருளைத் தூக்கிப்போடுவது காப்பகங்களின் வழக்கமல்ல. கணினிக் கோப்பின் வடிவம் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறும், வன்தட்டும் பழுதாகும். குளிரில் வைத்த சுருள் அதைவிட நீண்டகாலம் இருக்கும். நாளை இன்னும் நல்ல ஸ்கேனர் வந்தால் மறுபடி அதையே எடுத்து ஓட்ட வேண்டியிருக்கும்.