மீட்டர் பார்க்க வருபவர்: கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சாரத்தை அளந்த கதை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சாரம் முதன்முதலில் வந்தபோது அதை அளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1894இல் ரவாங்கில் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். மலாயாவின் முதல் மின்னாக்கி என்று சொல்லப்படுவது அதுதான். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய அதே தம்புசாமி பிள்ளைதான் இவர். தமிழர் நினைவில் கோயிலோடு மட்டும் நின்றுவிட்ட அவர் பெயர் மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலும் இருக்க வேண்டியது. சுரங்க முதலாளிகள் தாமே உண்டாக்கிய மின்சாரத்தைத் தாமே பயன்படுத்தினார்கள். அதற்கு பில் போட யாரும் இல்லை. அடுத்த ஆண்டு கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்விளக்கு வந்தது.

மின்சாரம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் விற்பனைக்கு வந்த பிறகுதான் மீட்டர் வந்தது. 1920களில் பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் எழுந்த மின் நிலையம் பத்து ஆராங் என்ற ஊரின் நிலக்கரியை எரித்து நகருக்கு மின்சாரம் தந்தது. 1949 செப்டம்பர் 1 அன்று மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953இல் கிள்ளான் ஆற்றோரம் கன்னாட் பிரிட்ஜ் மின் நிலையம் திறக்கப்பட்டது. அந்த வாரியம் 1965இல் லெம்பாகா லெட்ரிக் நெகாராவாகவும், 1990இல் தெனாகா நேஷனல் பெர்ஹாட்டாகவும் பெயர் மாறியது. பெயர்கள் மாறினாலும் மாதக் கணக்கு எடுக்கும் முறை பல பத்தாண்டுகள் மாறவே இல்லை: ஓர் ஆள் வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்க்க வேண்டும்.

பழைய மீட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு படுக்கையாகச் சுழலும். செலவாகும் மின்திறனுக்கு ஏற்ப அதன் வேகம் கூடும், குறையும்; தட்டு சுழலச் சுழலப் பற்சக்கரங்கள் யூனிட் எண்களை நகர்த்தும். கடைசியில் சிவப்பில் ஓர் இலக்கம் இருந்தால் அது யூனிட்டின் பத்தில் ஒரு பங்கு, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய கடைவீடுகளில் மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும்; தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வாசற்பக்கச் சுவரிலோ கேட் தூணிலோ இருக்கும்; அடுக்குமாடிகளில் பூட்டிய மீட்டர் அறைக்குள் வரிசையாக இருக்கும். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த மீட்டரைப் பூச்செடி மறைத்திருக்கும், எந்தக் காவலாளியிடம் சாவி இருக்கும் என்பதெல்லாம் மீட்டர் பார்ப்பவருக்கு மனப்பாடம். பிற்காலத்தில் கையடக்கக் கருவியும் சிறு அச்சுப்பொறியும் வந்தன. எண்ணைப் பதிந்ததும் பில் அங்கேயே அச்சாகித் தபால் பெட்டிக்குப் போனது. கேட் பூட்டியிருந்தால் மதிப்பீட்டு பில்தான். மின்வாரியத்தின் முகமாக மாதந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்த ஒரே ஆள் அவர் என்பதால், இந்தத் தொழிலை வெறும் எண் எடுக்கும் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆள் நடக்காமல் அந்த எண்ணை வரவழைக்கும் முயற்சி அமெரிக்காவில் முளைத்தது. வானொலிக் கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றி அனுப்பும் முறையை 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சோதித்துப் பார்த்தது. 1985இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மெட்ரிகாம் நிறுவனம் அந்த வழியில் மின்சார, எரிவாயு நிறுவனங்களுக்கான வானொலிக் கருவிகளைச் செய்தது. இப்படிக் கருவிகள் செய்தியைக் கைமாற்றும் அமைப்புக்கு மெஷ் வலைப்பின்னல் என்று பெயர்; பின்னாளில் வீட்டுச் சாதனங்களுக்கு வந்த மெஷ்ஷுக்கு மின் மீட்டரே மூத்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 2003இல் குறைந்த மின்சக்தியில் இயங்கும் கருவிகளுக்காக 802.15.4 என்ற வானொலித் தரம் வந்தது. அதன்மேல் எழுந்த ஸிக்பீ என்ற மெஷ் தரத்தின் முதல் விவரக்குறிப்பு 2004இல் முடிவானது.

மலேசியாவில் தெனாகா நேஷனல், அளவைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரை மலாக்காவிலும் புத்ராஜெயாவிலும் சோதித்து, பிறகு மலாக்கா வீடுகளில் பரவலாகப் பொருத்தி, அதன்பின் கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தது. இந்த மீட்டர்கள் வானொலி அலை, மின்கம்பி, கைப்பேசி வலையமைப்பு ஆகிய மூன்று வழிகளில் தகவல் அனுப்புகின்றன. இவற்றில் வானொலி வழிக்கு வரிசை வீடுகள் உள்ள தாமான்கள் மிகப் பொருத்தம். மீட்டர்கள் வாசற்பக்கத்தில், சில மீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், தெருக்கோடி வீட்டின் மீட்டர் அளவு பக்கத்து வீட்டு மீட்டர் வழியாக, அதற்கடுத்ததன் வழியாகத் தாவித் தாவிச் சேகரிப்புக் கருவியை அடையலாம். தன் அக்கம்பக்கத்தில் எது சேகரிப்புக் கருவிக்கு நெருக்கம், எதன் அலை தெளிவு என்று ஒவ்வொரு மீட்டரும் தானே கணித்து வைத்துக்கொள்கிறது. ஒன்று பழுதானாலோ, புதிதாக எழுந்த கூரை அலையை மறைத்தாலோ, வேறு அண்டை வழியைத் தேடிக்கொள்கிறது. அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. கம்பி பதித்த கான்கிரீட் சுவர் அலையை விழுங்கிவிடும். அங்கே ஒரே மின்கம்பியில் இணைந்துள்ள மீட்டர்களுக்கு அந்தக் கம்பியே எளிய வழி.

இந்த மாற்றத்தின் அவசியத்தை மக்களுக்குப் புரியவைத்தது பெருந்தொற்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு அமலானதும் மீட்டர் பார்க்கும் வேலை நின்றது. மதிப்பீட்டில் பில்கள் போயின. வேலை மறுபடி தொடங்கிய பிறகு சேர்ந்துபோன யூனிட்டுகள் ஒரே பில்லில் வந்தபோது நாடெங்கும் புகார் எழுந்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்த குடும்பங்கள் குளிர்சாதனத்தைக் கூடுதலாக ஓட்டியதும் உண்மை; ஆனால் எந்த நாளில் எவ்வளவு என்று காட்ட வழியில்லாததே மக்களின் சந்தேகத்தைப் பெருக்கியது. ஸ்மார்ட் மீட்டர் அரைமணிக்கு ஒருமுறை அளவைப் பதிகிறது. வீட்டுக்காரர் தன் நாள்வாரிச் செலவை மைடிஎன்பி செயலியில் பார்க்கலாம். ஆயினும் சந்தேகம் முழுதும் தீர்ந்துவிடவில்லை. முன்னதாக மலாக்காவில் புதிய மீட்டர் வந்ததும் பில் ஏறிவிட்டதென்று மக்கள் முறையிட்டிருந்தார்கள். கண்ணெதிரே சுழன்ற தட்டு மறைந்து, யாரும் வராமலே கணக்கு போகும்போது, கேள்வி கேட்க வாசலில் ஆள் இல்லை என்ற குறை நியாயமானதே.

அண்டைக் கருவி வழியாகத் தகவலைக் கைமாற்றும் இதே முறை வீட்டுக்குள்ளும் வேறு பெயர்களில் வந்தது. 2014இல் த்ரெட் கூட்டமைப்பும், 2017இல் புளூடூத் மெஷ் தரமும், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்க 2022 அக்டோபரில் மேட்டர் தரமும் வந்தன. விளக்கு, கதவுப் பூட்டு, குளிர்சாதனம் போன்றவை இவற்றின் மூலம் ஒன்றோடொன்று பேசுகின்றன. இவற்றை வாங்குவதும் விடுவதும் வீட்டுக்காரர் விருப்பம். வாசலில் உள்ள மீட்டரைப் பொருத்துவதோ மின்நிறுவனம். பழைய மீட்டர் இன்னும் உள்ள வீடுகளுக்கு இப்போதும் ஆள்தான் வருகிறார்.