வெள்ளை மாளிகை வெடித்தபோது கைதட்டியவர்கள்

பரீட்சை முடிந்த இரவு, விடுதி அறையில் ஐந்து பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருந்து 'இன்டிபென்டன்ஸ் டே' பார்த்தோம். 1996இல் வந்த படம். எங்களில் எவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. படம் முடிந்ததும் வழமைபோல வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"பழைய படம் எண்டாலும் ஒரு நிமிசம் கூட அலுப்படிக்கேல்ல" என்றாள் ஒருத்தி. "அமெரிக்க ஜனாதிபதியே பிளேன் ஓடி உலகத்தைக் காப்பாத்துறாராம், வேற வேலை இல்லை" என்றாள் இன்னொருத்தி. "வேற்றுக்கிரகக் கப்பலுக்கே லப்டொப்பில இருந்து வைரஸ் அனுப்பலாமாம். எங்கட வைஃபைதான் வேலை செய்யுதில்லை" என்று மூன்றாமவள் பகிடி விட்டாள். நான்காமவளுக்குக் கடைசிச் சண்டை மட்டும் பிடித்திருந்தது. ஐந்தாமவள் ஒன்றும் சொல்லவில்லை. படத்தின் நடுவே, அந்தப் பெரிய கப்பலின் நிழல் நகரத்தின் மேல் மெல்ல மெல்லப் படரும்போது, "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவள் வன்னியில் பிறந்தவள்.

ஒரு படம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் அவரவர் ரசனை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு இடங்களில் என்ன சொன்னார்கள் என்று தேடத் தொடங்கியபோது, ரசனை என்ற ஒரு சொல்லுக்குள் அது அடங்காது என்று விளங்கியது.

முதலில் படத்தின் கதை. ஜூலை 2ஆம் திகதி பிரமாண்டமான கப்பல்கள் பூமிக்கு வருகின்றன. அன்றிரவே நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ், வொஷிங்டன் ஆகிய நகரங்கள் எரிகின்றன. 3ஆம் திகதி அமெரிக்கப் போர் விமானங்களின் பதில் தாக்குதல் தோற்கிறது. 4ஆம் திகதி, அதாவது அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, மனிதர்கள் வெல்கிறார்கள். வில் ஸ்மித் விமானி. ஜெஃப் கோல்ட்ப்ளம் கணினி வல்லுநர். பில் புல்மன் ஜனாதிபதி. இயக்கியவர் றோலண்ட் எமெரிக், ஒரு ஜேர்மன்காரர். சுமார் 75 மில்லியன் டொலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் 817 மில்லியன் டொலர் வரை வசூலித்தது. அந்த ஆண்டில் உலகிலேயே அதிகம் வசூலித்த படம் இதுதான்.

இந்த வெற்றிக்குப் பெரிய காரணம் ஒரு விளம்பரம். 1996 ஜனவரியில், அமெரிக்காவே ரீவிக்கு முன்னால் இருக்கும் சுப்பர் போல் இறுதிப் போட்டியின்போது, வெள்ளை மாளிகை வெடித்துச் சிதறும் காட்சியை ஒளிபரப்பினார்கள். உண்மையில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரிக் கட்டடம். அதை வெடிக்க வைத்துப் பல கமராக்களால் எடுத்தார்கள். படம் வெளிவந்தபோது அந்தக் காட்சிக்குத் திரையரங்குகளில் கைதட்டலும் விசிலும் எழுந்ததாக அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின.

தங்களுடைய ஜனாதிபதியின் வீடு எரியும்போது தாங்களே கைதட்டுகிற சனம்! கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது சாதாரண விசயம் இல்லை. அந்தக் கைதட்டலுக்கு ஒரு காலப் பின்னணி இருந்தது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்துவிட்டது. நாற்பது வருடங்களுக்கு மேலாக இருந்த எதிரி திடீரென்று இல்லை. 1995 இறுதியிலிருந்து 1996 ஜனவரி தொடக்கம் வரை, வரவுசெலவுத் திட்டச் சண்டையினால் அமெரிக்க அரசாங்கத்தின் பல அலுவலகங்கள் இரண்டு தடவை மூடப்பட்டன. இரண்டாம் தடவை 21 நாட்கள். அரசியல்வாதிகள் மேல் சனத்துக்கு வெறுப்பு இருந்தது, பயம் இருக்கவில்லை. வொஷிங்டன் எரிந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைக்கக்கூடிய அளவுக்கு அவர்கள் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். வானத்திலிருந்து உண்மையாகவே ஏதாவது விழும் என்று நினைத்தவர்கள் அப்படிக் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

அரசியல்வாதிகளும் ரசிகர்களாக வந்து சேர்ந்தார்கள். ஜனாதிபதி கிளின்டன் வெள்ளை மாளிகையிலேயே இந்தப் படத்தைப் பார்த்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற பொப் டோல், அதற்கு முந்திய வருடம்தான் ஹொலிவூட் படங்களின் வன்முறையைக் கண்டித்துப் பெரிய உரை நிகழ்த்தியிருந்தார். அதே டோல் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு போய்ப் பாருங்கள் என்று பாராட்டினார். நகரங்கள் முழுவதும் எரிந்து சாம்பலாகிற படம்! ஆனால் அது அவருக்கு வன்முறையாகப் படவில்லை. சாகிறவர்களின் முகம் தெரியாவிட்டால், சாவு வன்முறைக் கணக்கில் வருவதில்லை போலும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. 'ரசிகர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள்' என்று சொல்வது யார்? இதே வகைக் கதை ஒன்றில் முன்னர் நடந்ததைப் பார்ப்போம். 1938 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, எச். ஜி. வெல்ஸின் 'வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்' நாவலை ஓர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் செய்தி அறிக்கை போலவே நாடகமாக்கினார். அடுத்த நாள், நாடே பீதியில் தெருவுக்கு ஓடியது என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. ஆனால் அன்றிரவு எடுத்த ஒரு தொலைபேசிக் கணக்கெடுப்பின்படி, கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினர் மட்டுமே அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1940இல் ஹட்லி கன்ரில் இதைப்பற்றி எழுதிய ஆய்வு நூல் 135 பேரின் நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பயந்தவர்கள் என்பதற்காகவே தெரிவுசெய்யப்பட்டவர்கள். வானொலி வந்தபின் விளம்பர வருமானத்தை இழந்துகொண்டிருந்த பத்திரிகைகளுக்கு, வானொலி ஆபத்தானது என்று காட்டுவதில் லாபம் இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆக, பார்வையாளரின் கருத்து என்று எங்கள் கைக்கு வருவதையும், யார் பதிவு செய்தது, ஏன் பதிவு செய்தது என்று கேட்டுத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

'இன்டிபென்டன்ஸ் டே'க்கும் ஒரே கருத்து இருக்கவில்லை. முதல் நாள் ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணிப்பில் அதற்கு 'ஏ' கிடைத்தது. விமர்சகர்கள் பலர் கதை பழசு, வசனம் பலவீனம் என்றார்கள். காட்சி விளைவுகளுக்காக அதற்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. மோசமான படங்களுக்குக் கேலியாகக் கொடுக்கும் ராஸி விருதுக்கும் அதன் திரைக்கதை பரிந்துரைக்கப்பட்டது. படத்தின் முடிவைக்கூட ரசிகர்கள்தான் மாற்றினார்கள். முதலில் எடுத்த முடிவில், குடிகார விமானி றசல் தன் பழைய விவசாய விமானத்தில் ஏவுகணையைக் கட்டிக்கொண்டு வந்து மோதுவார். பரீட்சார்த்தக் காட்சியில் பார்த்தவர்களுக்கு அது நம்பும்படியாக இல்லை. அதனால் அவரைப் போர் விமானத்தில் ஏற்றித் திரும்ப எடுத்தார்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே போனால் கருத்து இன்னும் வேறு. படத்தில் ஒரு சின்னக் காட்சி வரும். எல்லோரும் சேர்ந்து தாக்குவோம் என்று அமெரிக்கா மோர்ஸ் சங்கேதத்தில் செய்தி அனுப்பும்போது, ஈராக்கின் பாலைவனத்தில் இஸ்ரேலிய விமானிகளும் அரபு விமானிகளும் ஒரே முகாமில் நிற்பார்கள். அமெரிக்க ரசிகருக்கு இது உலக ஒற்றுமை. ஆனால் லெபனானில் படத்தை வெளியிட்டபோது இஸ்ரேலியரோடு தொடர்பான காட்சிகளைத் தணிக்கை செய்தார்கள். படத்தைப் புறக்கணிக்கும்படி ஹிஸ்புல்லா அழைப்பு விடுத்தது. இதை வெறும் மதவாதம் என்று தள்ளிவிட முதல் ஒரு திகதியைப் பார்க்க வேண்டும். அதே 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி, தென் லெபனானின் கானா கிராமத்தில் ஐ.நா. முகாமுக்குள் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் இஸ்ரேலின் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஹொலிவூட் படம் எல்லோரும் இனி நண்பர்கள் என்று சொன்னால், அங்கே இருப்பவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

இந்தக் கதைவகையின் வேரைத் தேடிப் போனால் இன்னொன்று தெரிகிறது. எச். ஜி. வெல்ஸ் 'வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்' நாவலை 1898இல் புத்தகமாக வெளியிட்டார். பிரித்தானியப் பேரரசு உச்சத்தில் இருந்த காலம். செவ்வாய்க் கிரகவாசிகள் லண்டனை அழிக்கிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் தாஸ்மேனியாவின் பூர்வீக மக்களை நினைவுபடுத்துகிறார். ஐரோப்பியர் அந்த மக்களை அழித்தொழித்தார்களே, அப்படியிருக்க அதே மனோபாவத்தோடு வரும் செவ்வாய்க்காரரைக் குறைசொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்பதே அங்கே அவர் எழுப்பும் கேள்வி. (அவர்கள் முற்றாக அழிந்துவிட்டார்கள் என்பது அந்தக் கால நம்பிக்கை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள்.) இந்த யோசனையைத் தந்தவர் தன் சகோதரர் பிராங்க் என்று சொல்லித்தான் நூலையே அவருக்குச் சமர்ப்பித்தார்.

ஆக, வேற்றுக்கிரகப் படையெடுப்புக் கதையின் இந்த மூல நூல், ஆக்கிரமித்தவரைப் பார்த்து, ஆக்கிரமிக்கப்பட்டவரின் இடத்தில் ஒரு தரம் நின்று பார் என்று சொன்ன கதை. அதில் மனிதர் யாரும் வெல்வதில்லை. செவ்வாய்க்காரர்கள் பூமியின் கிருமிகள் தொற்றிச் சாகிறார்கள். 1996இல் அந்தக் கிருமி கணினி வைரஸாகிறது. அதை ஏற்றுபவர்கள் அமெரிக்கர்கள். உலகின் மிகப் பலம்வாய்ந்த இராணுவத்தை வைத்திருக்கும் நாடு, ஆக்கிரமிக்கப்பட்ட அப்பாவியின் பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறது. ஜூலை 4 இனி முழு உலகத்தின் சுதந்திர தினம் என்று ஜனாதிபதி உரையாற்றுகிறார். பெப்ரவரி 4 வந்தாலே யாருடைய சுதந்திரம் என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அந்த உரையைக் கேட்கும்போது ஒரு சிரிப்பு வந்தது. உரையின் இசையும் தாளமும் எங்களையும் நிமிர்ந்து இருக்க வைத்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு 2001 செப்டெம்பர் 11 வந்தது. நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததை நேரில் பார்த்தவர்களும் ரீவியில் பார்த்தவர்களும், படம் மாதிரி இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஹொலிவூட் அவசரமாகப் பின்வாங்கியது. இரட்டைக் கோபுரங்கள் தெரியும் 'ஸ்பைடர்மேன்' முன்னோட்டத்தை எடுத்துவிட்டார்கள். வெடிகுண்டுத் தாக்குதலோடு தொடங்கும் ஆர்னோல்ட் ஷ்வாஸ்நேகரின் படம் ஒன்று அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. 2005இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 'வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்' நாவலைத் திரும்பப் படமாக்கியபோது, கதாநாயகன் டொம் குரூஸ் முகமெல்லாம் மனிதச் சாம்பலோடு வீட்டுக்கு வருகிறார். சுவரில் காணாமல்போனவர்களின் படங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. சின்ன மகள், வந்தது பயங்கரவாதிகளா என்று கேட்கிறாள். இந்தப் படமும் நன்றாக ஓடியது, ஏறத்தாழ 600 மில்லியன் டொலர். ஆனால் இதில் கட்டடங்கள் விழுவதைக் கைதட்டுவதற்காக எடுக்கவில்லை. ஒன்பது வருடங்களுக்குள் அழிவுக் காட்சி கேளிக்கையிலிருந்து துக்கத்துக்கு இடம் மாறிவிட்டது.

2016இல் எமெரிக் தன் படத்தின் இரண்டாம் பாகத்தோடு வந்தார். இம்முறை கப்பல் இன்னும் பெரிது, அழிவும் இன்னும் பெரிது. செலவு சுமார் 165 மில்லியன் டொலர், வசூல் 390 மில்லியனைத் தொடவில்லை. சினிமாஸ்கோர் கொடுத்தது 'பி'. வில் ஸ்மித் இல்லாதது ஒரு காரணம், திரைக்கதை இன்னொரு காரணம். ஆனால் ஒரு நகரம் விழுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்ட அந்த 1996 ரசிகர் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

திரும்ப விடுதி அறைக்கு வருவோம். படத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் எரியும்போது ஒரு சுரங்கப்பாதைக்குள் தீ பாய்ந்து வரும். வாகன நெரிசலில் அகப்பட்ட கார்கள் தூக்கி எறியப்படும். வில் ஸ்மித்தின் காதலியும் அவளுடைய மகனும் பக்கத்து அறைக்குள் ஒதுங்க, அவர்களுடைய நாய் பூமர் கடைசி நொடியில் பாய்ந்து தப்பும். அந்த இடத்தில் நாங்கள் நால்வரும் கைதட்டினோம். 1996இல் அமெரிக்கத் திரையரங்குகளிலும் இதற்குத்தான் பெரிய ஆரவாரமாம்.

இந்தக் கட்டுரைக்காக எங்கள் ஐந்தாமவளிடம், உன்ர கருத்தென்ன, நீ அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லயே என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "படம் நல்லாத்தான் இருந்தது. நாய் தப்பினோடன எல்லாரும் கைதட்டினீங்கள். எனக்கு அந்தக் காருகளுக்குள்ள இருந்த ஆக்கள் என்னவானவை எண்டுதான் யோசினையா இருந்தது."

அன்றிரவு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம், சத்தத்தைக் குறைத்து. கார்களுக்குள் ஆட்கள் இருந்தார்கள். முதல் தடவை நாங்கள் நாயை மட்டும்தான் பார்த்திருந்தோம்.