‘பழுது’ என்ற சொல்லும் வாடகைதாரர் உரிமையும்: பிரித்தானியச் சமூகக் குடியிருப்புகளின் ஒரு வரலாறு

1985-ஆம் ஆண்டில், வேல்ஸின் டாஃப் ஈலி நகராட்சி மன்றத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டைப் பற்றிய வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. உலோகச் சட்டமிட்ட சன்னல்கள் குளிரை உள்ளே கடத்தின. அறைக் காற்றின் ஈரம் அவற்றின் மீதும் சுவர்களின் மீதும் நீராகப் படிந்தது. படுக்கை விரிப்புகளும் துணிகளும் மரச்சாமான்களும் மக்கின. குளிர்காலத்தில் அவ்வீடு ஏறத்தாழக் குடியிருக்கத் தகாதது என்று கீழ் நீதிமன்றம் கண்டிருந்தது. ஆயினும் அதைச் சீர்செய்யும் சட்டக் கடமை மன்றத்துக்கு இல்லை என்றே மேல்முறையீட்டில் முடிவாயிற்று. சன்னல் உடையவில்லை, சுவர் சிதையவில்லை. கட்டப்பட்ட நாளிலேயே வீடு அப்படித்தான் இருந்தது. எனவே அங்கே ‘பழுது’ என ஏதுமில்லை.

இத்தீர்ப்பு ஒரு சொல்லின் பொருளின் மீது நிற்கிறது. ஆங்கிலச் சட்டத்தின் ‘ரிப்பேர்’ என்ற சொல், பொருள் முன்பு நன்றாக இருந்தது, பின்பு கெட்டது என்ற கருத்தைச் சொல்லாமலே தன்னுள் கொண்டுள்ளது. தமிழில் ‘பழுது’ என்பது சிதைவையும் குறிக்கும், பிறவிக் குறையையும் குறிக்கும். ஆங்கிலச் சட்டச் சொல்லுக்கு அந்த அகலம் இல்லை. தொடக்கத்திலிருந்தே குறையோடு கட்டப்பட்ட வீடு அச்சொல்லின் எல்லைக்கு வெளியே நின்றது.

இந்நிலை உருவான வரலாறு நீண்டது. 1843-இல் ஹார்ட் எதிர் விண்ட்சர் வழக்கு, அறைகலன் இல்லாத வீட்டை வாடகைக்கு விடுவோர் அது குடியிருக்கத் தக்கது என்ற உறுதியைத் தந்ததாகக் கொள்ள முடியாது என்றது. பார்த்துக் கொள்ள வேண்டியவர் குடியேறுபவரே. 1885-ஆம் ஆண்டின் உழைக்கும் வகுப்பினர் வீட்டுவசதிச் சட்டம் இதை மாற்ற முயன்றது. குறைந்த வாடகை வீடுகள் மனிதர் குடியிருக்கத் தக்கனவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஒப்பந்தத்தில் எழுதப்படாவிடினும் உண்டு என்று அது விதித்தது.

அந்த உரிமையை எவரும் நீக்கவில்லை. அது தானாகவே செத்தது. 1957-இல் வாடகை வரம்பு ஆண்டுக்கு இலண்டனில் 80 பவுண்டு, பிற இடங்களில் 52 பவுண்டு என நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் வரம்பு உயர்த்தப்படவில்லை. வாடகை உயர்ந்துகொண்டே போனது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே தொகைகள் அப்படியே நகலெடுக்கப்பட்டன. விதி ஏட்டில் இருந்தது. அதன் கீழ் வரும் வீடுதான் நாட்டில் இல்லை.

எஞ்சியது 1961-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் தந்த பழுதுபார்ப்புக் கடமை. ஏழாண்டுக்குக் குறைந்த குத்தகைகளில், கட்டமைப்பு, வெளிப்புறம், குடிநீர், எரிவாயு, மின்சாரம், கழிப்பறை, வெப்பமூட்டும் கருவிகள் ஆகியவற்றை வீட்டுடைமையாளர் செப்பமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் மின்தூக்கியும் படிக்கட்டும் யார் பொறுப்பு? 1976-இல் பிரபுக்கள் அவைக்கு வந்த லிவர்பூல் மன்றம் எதிர் இர்வின் வழக்கு இதை எழுப்பியது. 15 மாடிக் கோபுரக் குடியிருப்பில் மின்தூக்கிகள் அடிக்கடி நின்றன, படிகளில் விளக்கில்லை, குப்பைக் குழாய்கள் அடைபட்டன. குடியிருப்போர் வாடகையை நிறுத்தினர். மன்றம் வெளியேற்ற வழக்குத் தொடுத்தது. அவர்களுக்குத் தரப்பட்ட குடியிருப்பு நிபந்தனைத் தாளில் வாடகைதாரரின் கடமைகள் மட்டுமே இருந்தன. மன்றத்தின் கடமை குறித்து ஒரு வரியும் இல்லை. பொது இடங்களை நியாயமான அளவு பேணும் கடமை மன்றத்துக்கு உண்டு என்று பிரபுக்கள் ஏற்றனர். எழுதப்படாத கடமை இவ்வாறு சட்டமாயிற்று. எனினும் அவ்வழக்கில் மன்றம் அதை மீறவில்லை என்றே முடிவானது. குடியிருப்போர் பெற்ற இழப்பீடு, கழிப்பறைத் தொட்டிகள் நிரம்பி வழிந்ததற்காக வெறும் 5 பவுண்டு.

இந்தப் பின்னணியில்தான் டாஃப் ஈலி தீர்ப்பு வந்தது. 1996-இல் சட்ட ஆணையம், ‘குடியிருக்கத் தக்க நிலை’ என்ற பழைய அளவுகோலை மீட்குமாறு பரிந்துரைத்தது. அதற்குச் சட்ட வடிவம் கிடைக்க 22 ஆண்டுகள் ஆயின. 72 பேர் உயிரிழந்த 2017-ஆம் ஆண்டு கிரென்ஃபெல் கோபுரத் தீ விபத்துக்குப் பின், நாடாளுமன்ற உறுப்பினர் கேரன் பக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2018-இல் சட்டமாகி, 2019 மார்ச் 20 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. வாடகை வரம்பு நீங்கியது. பூஞ்சையும் ஈரமும் ‘பழுது’ ஆகுமா என்ற கேள்வி தேவையற்றதாயிற்று.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அது உரிய நேரத்தில் வந்து சேர்வது வேறு. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை, வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தமான வீட்டின் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் இறந்தது. தந்தை 2017 முதலே முறையிட்டு வந்தார். மேலே வண்ணம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். குடும்பத்தின் வாழ்க்கைமுறையே காரணம் என்று கருதியது தவறு எனச் சங்கம் பின்னர் ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் மூலம் கோரிக்கை எழுந்தபின், உடன்பாடு எட்டும்வரை வேலையைத் தொடங்காதிருப்பதே அச்சங்கத்தின் நடைமுறையாக இருந்தது. உரிமையைக் கோரியதே காத்திருப்பை நீட்டித்தது.

அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டத்தின் முதற்கட்டம் 2025 அக்டோபர் 27 முதல் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறையில் உள்ளது. அவசர ஆபத்தெனில் 24 மணி நேரத்துக்குள் ஆய்ந்து அகற்ற வேண்டும். குறிப்பிடத்தக்க ஈரமும் பூஞ்சையும் எனில் 10 வேலைநாள்களுக்குள் ஆய்வு. அது முடிந்த 5 வேலைநாள்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்கும் பணி. இயலாவிடில் மாற்று இருப்பிடம் தர வேண்டும்.

1843 முதல் 2018 வரை சட்டம், வீட்டுடைமையாளர் எதற்குப் பொறுப்பு என்ற சொல்லையே தேடியது. எத்தனை நாளுக்குள் என்ற கேள்விக்கு விடை வர, ஒரு குழந்தையின் மரணம் தேவைப்பட்டது. வாடகைதாரர் உரிமையை ஆராய்வோர் சட்ட விதியோடு நின்றுவிடாமல், வாடகை வரம்பு, நிபந்தனைத் தாள், முறையீட்டுப் பதிவேடு ஆகியவற்றையும் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான். உரிமை எங்கே தேய்ந்தது என்பது அவற்றில்தான் பதிவாகியிருக்கிறது.