ஒரு படலமும் ஒரு பொது அளவுகோலும்

தொழில்துறையும் பல்கலைக்கழகமும் இணைந்து ஆய்வு செய்தல் என்றதும், புரிந்துணர்வு ஒப்பந்தமும் அதனையொட்டிய ஒளிப்படமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய கூட்டுறவில் எஞ்ச வேண்டியது யாது? உயிர்ப்படல ஆய்வின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது.

பரப்பொன்றில் ஒட்டி, தாமே சுரக்கும் பசைப்பொருளுக்குள் கூடிவாழும் நுண்ணுயிர்த் தொகுதியே உயிர்ப்படலம். லேவன்ஹூக் 1683இல் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டியெடுத்துக் கண்டதும் இத்தகையதே. ஆயினும் நெடுங்காலம் அது ஒரே பொருளாக அறியப்படவில்லை. குழாய்ப் பொறியாளருக்கு அது வழுக்கல். பல் மருத்துவருக்குப் பற்படிவு. கப்பலோட்டிக்கு அடிப்புற அழுக்கு. பெயர்கள் பிரிந்திருந்தமையால் துறைகளும் பிரிந்தே நின்றன. மொழியியல் பயின்ற எனக்கு இவ்வரலாற்றில் முதலில் தென்பட்டது இதுவே.

1978இல் காஸ்டர்டனும் உடனாய்வாளர்களும் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரை, ஒட்டிவாழ்தலே பாக்டீரியாக்களின் இயல்பு வாழ்க்கை என வாதிட்டது. 1990இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுடன், மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்படலப் பொறியியல் மையம் தோன்றியது. அதனை நிறுவிய கராக்லிஸ் ஒரு பொறியாளர். 1992இல் அவர் மறைந்தபின் பொறுப்பேற்ற காஸ்டர்டன் ஒரு நுண்ணுயிரியலாளர். நிறுவனங்கள் உறுப்பினர் கட்டணம் செலுத்தி இணைந்தன. தம் சிக்கல்களையும் உடன் கொணர்ந்தன.

அச்சிக்கல்களுள் முதன்மையானது அளவீடு. நீரில் மிதக்கும் பாக்டீரியாவை எளிதில் கொல்லும் கிருமிநாசினி, படலத்துக்குள் இருப்பவற்றிடம் பெரிதும் வலுவிழக்கிறது. அங்ஙனமாயின் ‘கிருமிகளைக் கொல்லும்’ என்னும் விளம்பர உரிமைகோரலை எவ்வாறு சோதிப்பது? ஒவ்வோர் ஆய்வகமும் தன் முறையில் படலம் வளர்த்தால், முடிவுகளை ஒப்பிடவே இயலாது. மையத்தில் உருவான சுழல்தட்டு உலைமுறை, 2002இல் ஏ.எஸ்.டி.எம். நியமமாக வெளிவந்தது. சீரான படலத்தை வளர்த்து எண்ணும் வழி, போட்டி நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாயிற்று.

இங்கேதான் என் வாதம் நிற்கிறது. மருந்தையோ பூச்சையோ ஒரு நிறுவனம் தனக்கென வைத்துக்கொள்ளலாம். அளவுகோலை அவ்வாறு வைத்துக்கொள்ள இயலாது. விற்பவரே அளவுகோலையும் வகுத்தால், வாங்குபவருக்கு எஞ்சுவது நம்பிக்கை மட்டுமே. எவருடைய பொருளையும் விற்கவேண்டிய தேவையற்ற பல்கலைக்கழகமே அப்பொது அளவுகோலை வகுக்கத் தகுந்த இடம்.

ஆகவே, நம் நாட்டில் அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது தொகை எவ்வளவு என்பதோடு மற்றொன்றையும் கேட்போம்: ஒப்பந்தம் முடிந்தபின், அதில் பங்கேற்காதவரும் பயன்படுத்தத்தக்கதாக எது மிஞ்சும்?