ராச்டேல் நெசவாளர் கண்ட கூட்டுறவு

நெசவுத் தொழில் நலிந்து, கூலி உயர்வுக்கான போராட்டங்களும் தோல்வியுற்ற காலத்தில், இங்கிலாந்தின் ராச்டேல் நகரத் தொழிலாளர் 28 பேர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். வாரந்தோறும் சில பென்சுகளாகச் சேர்த்த முதல் 28 பவுன். அதனைக் கொண்டு 1844 டிசம்பர் 21 அன்று டோடு சந்தில் மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலியன விற்கும் சிறு கடையைத் திறந்தனர்.

கலப்படமும் குறைநிறையும் மலிந்திருந்த அந்நாளில், தூய பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை என்பவற்றையே விரதமாகக் கொண்டனர். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. முதலுக்குரிய வட்டி வரம்புக்கு உட்பட்டது. எஞ்சிய இலாபம் அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிரப்பட்டது. பலர் அப்பங்கைக் கடையிலேயே விட்டுவைத்தனர்; அதுவே முதலீடாய்ப் பெருகிற்று. 1849இல் நகரின் சேமிப்பு வங்கி வீழ்ந்தபோது, மக்களின் நம்பிக்கை இக்கடையை நாடிற்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வரத்துத் தடைப்பட, 1861 முதல் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் வேலையிழந்து வாடினர். ஒரு சங்கம் மற்றொன்றில் பங்கு கொள்ள 1862ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. மறு ஆண்டே வடபகுதிச் சங்கங்கள் முதலை ஒன்றுசேர்த்து மான்செஸ்டரில் மொத்தக் கொள்முதல் சங்கம் நிறுவின. தனித்து வாங்கியபோது எட்டாத விலை, கூடி வாங்கியபோது எட்டியது.

1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் இம்மரபில் வந்ததே. சிறு முதலும், தவறா நாணயமும், பிற சங்கங்களின் துணையும் சேர்ந்தால் வறட்சிக் காலத்திலும் நல்வணிகம் வேரூன்றும் என்பதற்கு ராச்டேல் சான்றாக நிற்கிறது.