தூண் நின்றது, குடிசை எங்கே?

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் சென்று, கடலோரச் சாலையில் வடக்கு நோக்கித் திரும்பினால், சென்னையை எட்டுமுன் முட்டுக்காடு வரும். அங்கே விந்தையானதோர் ஊர் இருக்கிறது. வீடுகள் உண்டு, குடியிருப்போர் இல்லை. செட்டிநாட்டு மாளிகை உண்டு, செட்டியார் இல்லை. அக்கிரகார வீடு உண்டு, அர்ச்சகர் இல்லை. நெசவாளர் வீடும் குயவர் வீடும் உழவர் வீடும் அருகருகே நிற்கின்றன. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்தெடுத்தும், பழைய முறையில் புதிதாகக் கட்டியும் அமைத்த திறந்தவெளி அருங்காட்சியகம் அது. தட்சிணசித்ரா என்பது பெயர். 1984இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன், 1996இல் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது.

இந்த எண்ணத்துக்குப் பெரும் புகழ் தந்த இடம் சுவீடன் நாடு. ஆலைப்புகை எழுந்து சிற்றூர் வாழ்வு மறைந்து வந்த காலத்தில், ஆர்ட்டர் ஹசீலியஸ் என்பார் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மரவீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து, ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் காட்சியகத்தை 1891இல் திறந்தார். மன்னர் வாளையும் மகுடத்தையும் மட்டுமே வரலாறு என்று காட்டிய உலகில், குடியானவன் வீடும் வரலாறே என்று கூறியது பெரும் புரட்சியன்றோ?

முட்டுக்காட்டின் மரத்தூண்களைத் தொட்டுப் பாருங்கள். பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்த தேக்கு செட்டிநாட்டுக்கு அழகு தந்தது. கேரள வீடுகளிலோ சுவரே மரம்! துளையும் கழுந்துமாக ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை அவை. ஆகவேதான், கழற்றி வேறிடத்தில் மீண்டும் பூட்ட முடிகிறது. தாழ்ந்திறங்கும் கூரை மழையைத் தடுக்கிறது. முற்றம் ஒளியைக் கொணர்ந்து வெப்பத்தை வெளியேற்றுகிறது. இது மனையடி சாத்திரத்தின் மகிமையா? அல்ல! வெயிலையும் காற்றையும் அளந்தறிந்த உழைப்பாளியின் அறிவு. வீட்டுக்கு உடையவன் பெயர் நின்றது. உளி பிடித்த தச்சன் பெயரோ மறைந்தது.

தச்சன் பெயர்தான் மறைந்தது. அவன் செய்த தூணாவது நின்றது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சேரிகளில் வாழ்ந்த கூலி உழவனுக்கு எது நின்றது? மண்சுவர், பனஞ்சட்டம், பனையோலைக் கூரை. சில ஆண்டுக்கொருமுறை ஓலை மாற்ற வேண்டும். பெருமழை பெய்தால் சுவர் கரையும். அந்த வீட்டை எப்படிக் கழற்றுவது? எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

அவன் ஏன் மரத்தூண் நாட்டவில்லை? வறுமை என்பது பாதி விடை. மீதி விடை சாதி. திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் நாடார் மக்கள் மாடிவீடு கட்டக்கூடாது என்று வழக்கம் இருந்தது. நம் பக்கத்து நிலைமை என்ன? ஸ்கான்சென் திறக்கப்பட்ட அதே 1891இல், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமன்கீர், அம்மாவட்டப் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழவுக் கூலிகள் குடியிருந்த மனைக்கும் மிராசுதாரர் உரிமை கொண்டாடியதை அதில் எடுத்துக் காட்டினார். கூலி கூடக் கேட்டால் குடிசையும் போகும்! நாளையே வெளியேற்றப்படலாம் என்ற நிலத்தில் எவன் தூண் நாட்டுவான்? ஓலை நிலையற்றதாய் இருந்ததற்குக் காரணம், உரிமை நிலையற்றதாய் இருந்ததே.

சுவீடன் தன் குடியானவன் வீட்டைக் காட்சிக்கு வைத்த ஆண்டில், நம் குடியானவனுக்கு அடிமனையும் சொந்தமில்லை! அதன் பின் முக்கால் நூற்றாண்டு கடந்தும், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த ஏழை உழவர் குடும்பத்தார் 44 பேர் தீக்கிரையாயினர். வேளாண் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்க்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் தமிழ்நாட்டில் வந்தது. டிரமன்கீர் எழுதி எண்பது ஆண்டுகள்!

மனைக்குப் பட்டா வந்தது. ஊரும் சேரியும் ஒன்றாகவில்லை. 1998 முதல் எழுந்த பெரியார் நினைவு சமத்துவபுரங்கள் அதற்கு விடை தேடின. 100 வீடுகளில் 40 ஆதித்திராவிடர்க்கு, 25 பிற்படுத்தப்பட்டோர்க்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு, 10 ஏனையோர்க்கு எனப் பகிர்ந்து, ஒரே தெருவில் வாழச் செய்வது திட்டம். விழுப்புரம் மாவட்டம் வானூரை அடுத்த கொழுவாரியில் அத்தகைய ஊர் 2022இல் திறக்கப்பட்டது.

காட்சியகத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தச்சனின் திறன் அங்கே காக்கப்படுகிறது; போற்றுவோம். ஆனால், நின்றவற்றை மட்டும் பார்த்து, பண்டைத் தமிழகம் தேக்குத் தூண்களின் நாடு என்று மயங்கிவிடக் கூடாது. நிற்க விடாதவையும் வரலாறே.

இளைஞர்களே! ஓலைக் குடிசைகள் மறைந்து வருகின்றன. மறையட்டும், அதற்காகவே உழைத்தோம். மறையுமுன் அவற்றின் கதையை எழுதி வையுங்கள். உங்கள் ஊர் முதியோரிடம் கேளுங்கள்: மண் எங்கே எடுத்தீர்கள்? கூரை வேய்ந்தவர் யார்? மனை எவருடையதாக இருந்தது? பட்டா எந்த ஆண்டு கைக்கு வந்தது? செட்டிநாட்டுத் தூணுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது அந்தப் பட்டாத் தாள். அதையும் சேர்த்து வைத்தால்தான் வீட்டின் வரலாறு முழுமை பெறும்.